பத்தடியும் பத்து அங்குலமும்

போன வாரம் சாயங்காலம் ஜங்ஷன் ரோட்டில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தேன். என்னோடு ஒரே கம்பெனியில் வேலை பார்த்த சவரி வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ அனுப்பியிருந்தான். சவூதியில் ஏதோ பெரிய உள்ளரங்கம். ஆசிய நாடுகள் மோதிக்கொள்ளும் ஆண்கள் கூடைப்பந்துப் போட்டி. நம் நாட்டு அணி எது என்பதே சட்டையில் இருந்த எழுத்தைப் பெரிதாக்கிப் பார்த்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. மரத்தரையில் ஷூ உரசும் கீச் கீச் சத்தம், பக்கத்தில் யாரோ மலையாளத்தில் போடும் கூச்சல். நம் பையன்கள் தோற்றுக்கொண்டிருந்தார்கள்.

வீடியோவுக்குக் கீழே அவன் குரலும் வந்திருந்தது.

"அண்ணே, லீவு போட்டுட்டு நேர்லயே பாக்க வந்துட்டேன். நம்ம பசங்க நல்லாத்தான் ஆடுறாங்க. ஒண்ணு சொல்றேன், சிரிக்காதீங்க. இவ்ளோ பக்கத்துல குந்திக்கினு பாக்குறேன், இப்பவும் எனக்கு ரிங்கு தாழ்வாத்தான் தெரியுது. எங்கண்ணுலதான் என்னமோ கோளாறு."

நான் சிரிக்கவில்லை. அவன் கண்ணில் ஒரு கோளாறும் கிடையாது. இருபத்தைந்து வருஷமாக இது எனக்குத் தெரியும். அவனுக்குத்தான் தெரியாது. உங்களிடம் சொல்லிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். அவனிடம் சொல்ல வாய் வராதவனுக்கு உங்களிடம் மட்டும் எப்படி வருகிறது என்று கேட்காதீர்கள்.

விருத்தாசலத்தில் அப்போது நான் ஒரு பீங்கான் கம்பெனியில் அச்சு செய்கிற பிரிவில் இருந்தேன். அச்சு வார்க்கிற பிளாஸ்டரைத் தண்ணீரில் கரைத்தால் ஒரு மணம் வரும். மழை பெய்யப் போகிற மாதிரியும் இருக்கும், பள்ளிக்கூடத்துச் சாக்பீஸ் மாதிரியும் இருக்கும். இன்றைக்கும் யார் வீட்டிலாவது கூரைக்குப் பிளாஸ்டர் பூசினால் நான் வாசலில் கொஞ்சம் நின்றுவிட்டுத்தான் நகர்வேன். அந்த வேலையில் எனக்குப் பெருமை அதிகம். களிமண் பிசைகிறவர்கள், சுமக்கிறவர்கள், சூளையில் வேகிறவர்கள் எல்லோரும் இருந்தாலும், அளவு என்று வந்தால் எங்கள் பிரிவுதான். கழுத்தில் டேப் இல்லாத குறையாகத் திரிவேன்.

அளவு என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். பச்சைக் களிமண் சூளையில் வெந்தால் சுருங்கும். எங்கள் களிமண்ணுக்கு அடிக்குச் சுமார் ஓர் அங்குலம். ஓர் அடி நீளத்துக்குக் குழாய் வேண்டுமென்றால் பதின்மூன்று அங்குலத்துக்கு அச்சு செய்ய வேண்டும். ஒவ்வொரு தடவையும் கணக்குப் போட்டுக்கொண்டிருக்க முடியாது என்பதால் எங்களிடம் தனி ஸ்கேல் உண்டு. அதில் ஓர் அடி என்று போட்டிருக்கும் இடம் நிஜத்தில் பதின்மூன்று அங்குலம். பார்க்கச் சாதாரண ஸ்கேல் மாதிரியே இருக்கும். சாக்கடைக் குழாய்க்கு அச்சு செய்ய, அதே கணக்கில் அடி குறித்து, ஆறடியில் ஒரு மரச்சட்டம் வைத்திருந்தோம். தேக்கு. விளிம்பெல்லாம் கைபட்டுக் கைபட்டு வழவழவென்று ஆகியிருக்கும். காலை எட்டு மணியிலிருந்து சாயங்காலம் வரை அது என் கையில்தான். எனக்கு ஓர் அடி என்றால் அந்த ஓர் அடிதான். என் கல்யாணத்துக்குப் பந்தல் போட்டவரிடம்கூட அதை எடுத்துக்கொண்டு போய் நின்றிருப்பேன், வீட்டில் தடுத்துவிட்டார்கள்.

சவரி சூளைப் பிரிவில் இருந்தான். சவரிமுத்து. என்னைவிட மூன்று வயது சின்னவன், என்னைவிட ஒரு முழம் உயரம். மாதா கோயில் தெருவில் வீடு. சூளை வண்டியின் மேல் தட்டில் சாமான் அடுக்க மற்றவர்களுக்கு ஸ்டூல் வேண்டும், அவன் எட்டி வைத்துவிடுவான். ஈரம் காயாத ஜாடிகளை அவன் வைக்கிற விதத்தைப் பார்க்க வேண்டும். தூங்குகிற குழந்தையைப் பாயில் விடுகிற மாதிரி, சத்தமே வராது. பள்ளியில் கொஞ்ச நாள் பந்து ஆடியிருக்கிறான், அவ்வளவுதான்.

கம்பெனிக்குப் பின்னால் உடைந்த சாமான்களைக் கொட்டுகிற காலி இடம் இருந்தது. அங்கே கூடைப்பந்துக் கோர்ட் கட்டலாம் என்று யோசனை சொன்னது நான்தான். பந்தைத் தொட்டே பழக்கமில்லாத எனக்கு ஏன் அந்த ஆசை என்று கேட்டால், ஏதாவது ஒன்றைக் கட்டிப் பெயர் வாங்க வேண்டும் என்ற ஆசைதான். உடைந்த பீங்கானை இடித்து, செம்மண் கலந்து, தரையை அடித்துக் கெட்டிப்படுத்தினோம். பேக்கிங் பெட்டிப் பலகையில் போர்டு செய்தோம். கம்பெனி வெல்டர் தன் டேப்பை வைத்து அளந்து இரண்டு வளையம் பண்ணிக் கொடுத்தார். அந்தக் கோர்ட்டிலேயே சரியான அளவில் இருந்தவை அந்த வளையங்கள் மட்டும்தான்.

இரும்புக் கம்பம் நடுகிற அன்று நான் பழக்க தோஷத்தில் அந்தத் தேக்குச் சட்டத்தோடு போனேன்.

"டேப்பு எடுத்தாரட்டாண்ணே?" என்று கேட்டான் சவரி.

"நான் அளந்தா தப்புமாடா?" என்றேன்.

அந்த ஒரு வாக்கியத்தை எத்தனை முறை மனசுக்குள் சொல்லிப் பார்த்திருப்பேன் தெரியுமா? வளையம் இருக்க வேண்டியது தரையிலிருந்து பத்தடி. சட்டத்தை வைத்துக் குறித்தேன், வளையத்தை மாட்டினார்கள். பதினைந்தடி தள்ளி நின்று பந்து போடுகிற ஃப்ரீ த்ரோ கோடும் அதே சட்டத்தில்தான். கம்பத்தில் வெள்ளைப் பெயிண்டில் 'அளவும் அமைப்பும்' என்று போட்டு, கீழே என் பெயரை நானே எழுதிக்கொண்டேன். எழுத்து சற்றுப் பெரிதாகவே இருந்தது.

ஆறு மாதத்தில் சவரி அந்தக் கோர்ட்டின் ராஜா ஆகிவிட்டான். ஷிப்ட் முடிந்து, கையில் இருக்கும் மண்தூளைக் கால்சட்டையில் ஒருமுறை துடைத்துவிட்டுப் பந்தை மேலே விடுவான். அது ஊரைச் சுற்றிப் பார்க்கப் போன மாதிரி உயரப் போய், சாவகாசமாக வந்து வளையத்துக்குள் இறங்கும். வலை இல்லாத வெறும் வளையம் என்பதால் உள்ளே போனது சத்தத்தில் தெரியாது, எங்கள் கூச்சலில்தான் தெரியும். பெண்ணாடத்து ஆலைப் பையன்கள் வந்தார்கள், தோற்றார்கள். மங்கலம்பேட்டைப் பையன்கள் வந்தார்கள், தோற்றார்கள்.

போகும்போது ஒருவன் தயங்கித் தயங்கிச் சொன்னான்: "ரிங்கு கொஞ்சம் ஒசரமா இருக்குதுங்களே."

"ஆடத் தெரியாதவனுக்கு ரிங்கு ஒசரம்தான்" என்று அவனைக் கேலி செய்து அனுப்பினோம். கேலியில் முதல் குரல் என்னுடையது. எங்கள் அணி வெளியூர் போனால் மட்டும் தோற்றுத் தோற்றுத் திரும்பும். தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை என்றோம். கண்ணேறு என்றோம். சவரியின் அம்மா மந்திரித்த எண்ணெய் கொடுத்தனுப்பினார்கள். எல்லாவற்றையும் யோசித்த நாங்கள் டேப்பை மட்டும் யோசிக்கவில்லை.

சென்னையிலிருந்து உறவினர் கல்யாணத்துக்கு வந்திருந்த பழைய ஆட்டக்காரர் ஒருவர், ஒரு நாள் சாயங்காலம் பொழுது போகாமல் எங்கள் கோர்ட் பக்கம் வந்து நின்றார். ஆசியப் போட்டிக்கான இந்திய அணிக்கு ஆள் பார்க்கிற குழுவில் அவரும் ஒருவர். அரை மணி நேரம் சவரியைப் பார்த்தார். பெயர், வயது, உயரம் எழுதிக்கொண்டார். "ஒரு மாசத்துல செலக்‌ஷன் இருக்கு. தேறிட்டா நேரா கேம்ப்தான். நீ வா தம்பி, இந்த மாதிரி கையை நான் பாத்து வருஷக்கணக்காச்சு" என்றார். அன்றைக்கு விருத்தாசலத்தில் எங்களைத் தவிர ஆள் இல்லை என்று நினைப்பு. சவரி நாட்டுக்கு ஆடப் போகிறான். கோர்ட் கட்டியது யார்? நான்.

அவனை ரயிலேற்ற நாங்கள் எட்டுப் பேர் போனோம். மூன்றாம் நாள் தனியாக வந்து இறங்கினான். இருபது தடவை போட்டதில் மூன்றுதான் உள்ளே போனதாம். மற்றதெல்லாம் போர்டின் மேல் விளிம்பில் அடித்து வெளியே.

"ரிங்கு தாழ்வாத் தெரிஞ்சுதுண்ணே. கை கூடக் கூடப் போயிடுச்சு. ஆனா அந்த சார் விடல. பதட்டம் போலருக்குது, இருவது நாள் கழிச்சு இன்னொரு தடவ வந்து போடுன்னாரு."

ரிங்கு தாழ்வாத் தெரிஞ்சுது. அதைக் கேட்டதும் எனக்கு அந்தத் தேக்குச் சட்டம் ஞாபகம் வந்தது. மறுநாள் ஷிப்டுக்கு முன்னால் ஸ்டோரிலிருந்து டேப்பை வாங்கிக்கொண்டு போய், ஏணி வைத்து ஏறி அளந்தேன். பத்தடி பத்து அங்குலம். இறங்கி, மறுபடி ஏறி அளந்தேன். டேப் மாறவில்லை. ஃப்ரீ த்ரோ கோடு ஓர் அடி மூன்று அங்குலம் தள்ளிக் கிடந்தது. களிமண் கோர்ட்டாக இருந்திருந்தால் சூளையில் வைத்துச் சரிசெய்திருக்கலாம்.

இருபது நாள் இருந்தது. பத்து அங்குலம் இறக்கி மாட்டிவிட்டு, "தப்பா அளந்துட்டேன்டா, இதுல பழகு" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொல்லத்தான் அவன் வீட்டுக்குப் போனேன். அவன் அம்மா நாற்காலியைத் துடைத்துப் போட்டு, "குந்துங்க தம்பி. நீங்க கட்டிக் குடுத்த கோர்ட்டுலதான் எம்புள்ள ஆளானான். எங்க வூட்டு ஜெபத்துல தெனமும் ஒங்க பேரு இருக்குது" என்றார்கள். நான் காபியைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். இன்னொரு நாள் யாரிடமும் சொல்லாமல் நானே இறக்கிவிடலாம் என்று ஸ்பானரோடு போனேன். அங்கே சவரி ஏற்கெனவே பந்து போட்டுக்கொண்டிருந்தான். "என்னாண்ணே ஸ்பானரோட?" என்றான். நட்டு லூசாக இருக்கிறதா பார்க்க வந்தேன் என்றேன். மேலே ஏறி, இறுக்கமாக இருந்த நட்டை இன்னும் இறுக்கிவிட்டு இறங்கினேன்.

பயம் என்று சொல்லித் தப்பிக்க மாட்டேன். எனக்கு என் பெயர் பெரிதாக இருந்தது. ஊரே சிரிக்கும், அளவுக்காரனுக்கு அளவு தெரியவில்லை என்று பேசும், அந்தக் கம்பத்தில் என் பெயரை நானே சுரண்ட வேண்டியிருக்கும். அவ்வளவுதான் காரணம். இதைவிடப் பெரிய காரணம் ஏதாவது இருந்திருந்தால் எனக்கே கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அந்த இருபது நாளும் அவன் விடிந்தவுடன் வந்தான், ஷிப்ட் முடிந்ததும் வந்தான். ஒரு நாளைக்கு முந்நூறு தடவை. கை தோலுரிந்து, துணி சுற்றிக்கொண்டு போட்டான். ஒவ்வொரு பந்தும் அழகாக உள்ளே போனது. தப்பான உயரத்துக்கு அவன் கை மேலும் மேலும் இறுகிக்கொண்டிருந்தது, நான் பக்கத்தில் நின்று பந்து பொறுக்கிப் போட்டேன். "சூப்பர்டா" என்றும் சொன்னேன்.

இரண்டாம் தடவை இருபதுக்கு ஒன்று. திரும்பி வந்தவன் அழவில்லை. "நம்ம கை இந்த ஊருக்குள்ளதாண்ணே செல்லும் போல" என்றான். அதன் பிறகு அவன் பந்தைத் தொட்டு நான் பார்க்கவில்லை. சூளையில் இரண்டு ஜாடியைக் கீழே போட்டு உடைத்தான். அது அதுவரை நடக்காத விஷயம். நாலைந்து மாதத்தில் மங்கலம்பேட்டை நண்பர் ஒருவர் விசா பார்த்துக் கொடுத்தார். "போயிட்டு வரேண்ணே" என்று என்னிடம்தான் கடைசியாகச் சொல்லிவிட்டுப் போனான். சவூதியில் ஏதோ கிடங்கில் வேலை. உயரமான ஆள் என்பதால் மேல் தட்டில் அடுக்குகிற வேலைதானாம்.

சரி, இப்போதாவது சொல்லிவிடலாம் என்றுதான் அந்தக் குரலைக் கேட்ட மறுநாள் டேப்பை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். வெறும் வாயால் சொன்னால் ஆறுதலுக்குச் சொல்வதாக நினைப்பான். டேப்பை வைத்துப் படம் பிடித்து அனுப்பினால் நம்புவான். பாருடா, உன் கையில் தப்பில்லை, என் கையில்தான் தப்பு.

கம்பெனி மூடிப் பல வருஷம் ஆகிறது. சூளையின் புகைபோக்கியில் அரசங்கன்று முளைத்திருக்கிறது. மண் மணமும் இல்லை, பிளாஸ்டர் மணமும் இல்லை, சீமைக்கருவேலம் பூத்த வாடைதான். முள்ளை விலக்கிக்கொண்டு பின்பக்கம் போனேன். ஒரு கம்பம் எப்போதோ போய்விட்டதென்று எனக்குத் தெரியும். என் பெயர் எழுதிய கம்பம் இருக்க வேண்டிய இடத்தில், கணுக்கால் உயரத்துக்கு அறுத்த இரும்பு மட்டும் நின்றது. வெட்டு இன்னும் முழுதாகத் துருப்பிடிக்கவில்லை.

ஆடு மேய்த்துக்கொண்டிருந்த அம்மாவைக் கேட்டேன். "பழைய இரும்புக்காரங்க வந்தாங்க. அறுத்து வண்டியில ஏத்திக்கினு போயி பத்து நாளு இருக்கும். எதுக்குங்க, ஒங்களுதா?" என்றார்கள்.

என்னுடையதுதான் என்று எப்படிச் சொல்வது? டேப்பைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து, எல்லாவற்றையும் வாயாலேயே சொல்லிப் பதிவு செய்தேன். கேட்டுப் பார்த்தேன். அழித்துவிட்டேன். மறுபடி சொன்னேன், மறுபடி அழித்தேன். அதற்குள் அவனிடமிருந்தே அடுத்த குரல் வந்துவிட்டது.

"அண்ணே, நேத்து மேட்ச்சு தோத்துட்டோம், பரவால்ல. டிசம்பர்ல ஊருக்கு வரேன். ஒரே ஒரு ஆச. நீங்க நட்ட ரிங்குல ஒரு தடவ பந்து போட்டுப் பாக்கணும். வயசாயிடுச்சு, கையி நடுங்குது. ஆனா அதுல மட்டும் எனக்குத் தப்பாது. அது நிக்குதுல்லண்ணே?"

உலகத்தில் அவன் கைக்குச் சரியாக இருந்தது அந்த ஒரு வளையம்தான். நான் இன்னும் பதில் போடவில்லை.