நல்லா இருக்கேன்

சன்னிவேலில், எல் கமினோ சாலையோரத்து இட்லிக் கடையில் சமையல் வேலை சாந்தாமணிக்கு. யார் நலம் விசாரித்தாலும், "முருகன் புண்ணியத்துல நல்லா இருக்கேனுங்க" என்பார். இல்லையென்று சொன்னால் அந்தச் சொல்லே பலித்துவிடும் என்று பயம்.

சாலையைக் கடக்கும்போது ஒரு கார் இடித்து வலது தோள் முறிந்தது. கவுன்டி அரசு ஆஸ்பத்திரிக்காரர்கள் அவரிடம் ஒரு காசு கேட்காமல் தகடு வைத்துக் கட்டினார்கள். அந்தச் செலவை, இடித்தவரின் இன்சூரன்ஸ் கம்பெனி ஆஸ்பத்திரிக்குத் திருப்பித் தர வேண்டும் என்று வக்கீல் ஸ்ம்ருதி சொன்னபோதுதான் மனசு ஆறியது. உயிர் கொடுத்தவர்களுக்குக் கடன்காரியாய் இருக்கலாமா?

அதிலும் மண் விழுந்தது.

"ஆன்ட்டி, இன்சூரன்ஸ்காரங்க போன் பண்ணப்ப என்ன சொன்னீங்க?" என்று கேட்டாள் ஸ்ம்ருதி.

"எப்படி இருக்கீங்கன்னாங்க கண்ணு. ஃபைன்னேன்."

"போச்சு! அதை ரெகார்ட் பண்ணிட்டாங்க. ஃபைனா இருக்கறவங்களுக்கு ஆபரேஷன் எதுக்கு, ஆஸ்பத்திரிக்கு நாங்க ஏன் குடுக்கணும்னு கேக்கறாங்க."

கணவர் மயில்சாமி சிரித்தார். "ஏம்புள்ள, எங்கிட்ட மட்டும் நாள் பூரா வலிக்குது வலிக்குதுங்கறே?"

"உங்ககிட்டச் சொன்னா எதுதான் பலிச்சுதுங்க?"

ஸ்ம்ருதி மன்றாடி இன்னொரு விசாரணைக்கு ஏற்பாடு செய்தாள். போனில்தான், தமிழில் பேச மொழிபெயர்ப்பாளரும் உண்டு; ஸ்ம்ருதியும் லைனில் இருப்பாள். "என்ன கேட்டாலும் நல்லா இருக்கேன்னு மட்டும் சொல்லிடாதீங்க ஆன்ட்டி!"

போன் வந்ததோ வெள்ளிக்கிழமை. சாந்தாமணி விளக்கேற்றிவிட்டு போனை எடுத்தார். தேன் போல மொழிபெயர்ப்பாளரின் பெண்குரல்: "வணக்கம்மா. நல்லா இருக்கீங்களா?"

"நல்லா இருக்கேன் சாமி. நீ நல்லா இருக்கியா?"

அந்தப் பெண் அதையும் இன்சூரன்ஸ்காரரிடம் இங்கிலீஷில் சொல்லிவிட்டாள்.

சாந்தாமணிக்குத் தன் நாக்கின் மேலேயே ஆத்திரம் வந்தது. விளக்கின் முன்னால் 'இல்லை' என்ற வார்த்தையைச் சொல்ல மாட்டாமல் பால்கனிக்குப் போய், இடது கையால் கண்ணாடிக் கதவைச் சாத்தினார்.

"அது மரியாதைக்குச் சொன்னது, கண்ணு. நான் நல்லா இல்லை. தலை வாரக்கூடக் கை எழும்பறதில்லை. அதையும் சொல்லு."

சற்று நேரம் இங்கிலீஷ் ஓடியது. பிறகு தேன்குரல் தயங்கியது. "அம்மா, நல்லா இருக்கேன், நல்லா இல்லை. ரெண்டுல எது உண்மைன்னு கேக்கறார்."

"ரெண்டுந்தான்னு சொல்லு!"

போனுக்குள் ஸ்ம்ருதி பெருமூச்சு விடுவது கேட்டது.