முதல் மூன்று வருஷம்

நான் ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தவள். எழுத்து கோணல்மாணலாக வரும். சில விஷயம் நடுவில் மறந்தும் போகும். பொறுத்துக்கொள்ளுங்கள். நாலு பேருக்கு நடுவில் வாய் திறந்து பேசவும் எனக்கு வராது. அதனால்தான் எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் பொங்கல் என்றால் ஒரு சண்டையும் உண்டு. டில்லி ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் வாங்கி வந்த பச்சரிசி பானையில் கொதிக்கும்போதே ஆரம்பித்துவிடும். டில்லியில் முன்பு ஒரு பெரிய விளையாட்டுப் பூங்கா இருந்தது. ராட்டினம், குட்டி ரயில், பிற்பாடு தண்ணீர்ச் சறுக்கு எல்லாம் வந்தது. மூடி வெகு காலம் ஆகிவிட்டது. அங்கே நானும் என் நாத்தனாரும் பெருக்கித் துடைக்கும் வேலை பார்த்தோம். அந்தப் பூங்கா எந்தக் காலத்தில் நன்றாக இருந்தது என்பதுதான் சண்டை.

நாத்தனார் என் வீட்டுக்காரருக்கு அக்கா. நான் அண்ணி என்றுதான் கூப்பிடுவேன். குரல் பெரிசு, மனசும் பெரிசு. அவருடைய மகன் அங்கே ஓசியில் விளையாடியே வளர்ந்தவன்.

“தண்ணிச் சறுக்கு வந்தப்புறம்தாம்மா ஜோரு. கிளாஸ்ல அத்தனை பேரும் பாஸ் கேட்டு என் பின்னாடியே சுத்துவானுங்க” என்பான் அவன்.

“போடா. தண்ணியில குதிக்கிறதுக்கு யமுனை இல்லையா? மொத மூணு வருசம்தான் பார்க்கு. அதுக்கப்புறம் எல்லாம் போச்சு” என்பார் அண்ணி.

நான் தலை குனிந்து தேங்காய் துருவிக்கொண்டிருப்பேன். ஏனென்றால் நான் கல்யாணமாகி டில்லிக்கு ரயிலேறி வந்து அங்கே வேலையில் சேர்ந்தது பூங்கா திறந்த நாலாவது வருஷம். வேலை வாங்கிக் கொடுத்ததே அண்ணிதான். அப்படியானால் நான் வந்ததிலிருந்துதான் எல்லாம் போயிற்றா? வீட்டுக்காரரிடம் சொன்னால், “அக்கா எதையாவது சொல்லும், உட்டுத் தள்ளு” என்று போர்வையை இழுத்துக்கொள்வார். அண்ணியிடமே கேட்க எனக்குத் தைரியம் கிடையாது.

அங்கே ஒரு பழக்கம் இருந்தது. கேட் திறப்பதற்கு முன்னால் ராட்டினத்தை ஒரு சுற்று ஓட்டிப் பார்ப்பார்கள். காலிப் பெட்டியோடு ஓட்டினால் பழுது தெரியாதாம், எடை வேண்டும். மணல் மூட்டை ஏற்றி இறக்க யாருக்கு முடியும்? பெருக்குகிற பெண்கள் நாங்கள் இருந்தோமே. ராட்டினம் ஓட்டுகிற பஞ்சாபிக்காரர், அவரை எல்லோரும் பையா, அதாவது அண்ணன், என்போம், “பைட்டோ, பைட்டோ, ஜல்தி” என்று கைதட்டுவார். பெண்கள் போய்ப் பெட்டிக்கு இரண்டு பேராக உட்கார்ந்துகொள்வார்கள்.

இது எனக்குத் தெரியாது. முதல் நாள், பெட்டியைத் துடைக்கச் சொல்கிறார் என்று நினைத்து, துடைப்பமும் கையுமாக உள்ளே ஏறி, குனிந்து சீட்டுக்கு அடியில் பெருக்கிக்கொண்டிருந்தேன். பையா கம்பியைப் போட்டார். நிமிர்ந்து பார்த்தால் மரத்து உச்சி என் காலுக்குக் கீழே இருக்கிறது. “அண்ணீ” என்று நான் போட்ட கூச்சலில் துடைப்பம் கை நழுவி, கீழே கேண்டீன் தகரக் கூரையில் போய் விழுந்தது. டீ போட்டுக்கொண்டிருந்தவர் பயந்து வெளியே ஓடி வந்தார். இறங்கினதும் அண்ணியின் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. இரண்டு மூன்று நாளுக்குப் பிறகு, பையா கைதட்டும்போது அண்ணி ஏறமாட்டார். ராட்டினத்துக்குக் கீழே ஒரு சிமெண்டு பெஞ்சு இருந்தது. டீ வாங்கி வந்து, என்னோடு அதில் உட்கார்ந்துகொள்வார். சேலையை எப்படிச் செருகினால் பெருக்கும்போது தடுக்காது, எந்த சூப்பர்வைசருக்கு ‘அச்சா ஜி’ போதும், எவருக்குப் பதிலே சொல்லக்கூடாது, எல்லாம் அங்கேதான் சொல்லிக் கொடுத்தார். அண்ணிக்கு முட்டிவலி, அதனால்தான் ஏறவில்லை என்றே நான் நினைத்திருந்தேன்.

போன பொங்கலுக்கும் அதே பேச்சு வந்தது. “மொத மூணு வருசம்தான்” என்றார் அண்ணி. எனக்கு என்ன ஆயிற்றோ, தேங்காய் மூடியைக் கீழே வைத்துவிட்டு, “நான் வந்ததுலேருந்து போச்சுன்னு சொல்றீங்களா அண்ணி?” என்று கேட்டுவிட்டேன். கேட்டதும் எழுந்து ஓடிவிடலாம் போல இருந்தது.

அண்ணி கரண்டியோடு திரும்பினார். “ஆமா. நீ வந்துதான் போச்சு” என்றார்.

அவர் மகன், “ம்மா!” என்றான்.

“நீ சும்மா இருடா. தினம் காலையில ஒரு சுத்து போவேன். மேல போனா ஒரு பக்கம் இந்தியா கேட்டு, மறுபக்கம் யமுனை. அங்க மாமியாரும் கெடையாது, சூப்பர்வைசரும் கெடையாது. இவ வந்தா. நான் ஏறினா கீழ நின்னுக்கிட்டு அண்ணி அண்ணின்னு ஒரே அழுகை. பையா விழுந்து விழுந்து சிரிப்பாரு. சரி கெடக்குன்னு விட்டேன்.”

நான் அப்படி அழுததே எனக்கு மறந்துபோயிருந்தது. எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் நிறைந்தது. “எனக்கு அந்தப் பெஞ்சுல உக்காந்த காலம்தான் அண்ணி நல்ல காலம்” என்றேன்.

“இத்தன வருசமா இத வாய்க்குள்ளயா வெச்சிருந்தே? நல்ல பொம்பளடி நீ” என்று பொங்கலை இரண்டு கரண்டி அதிகமாகவே வைத்தார்.

தசராவுக்கு எங்கள் பக்கத்து மைதானத்தில் மேளா போட்டார்கள். நானே அண்ணியையும் அவர் மகனையும் கூட்டிக்கொண்டு போனேன். ராட்டினக்காரர் எங்கள் இரண்டு நரைத்த தலையையும் பார்த்து, “மாதாஜி, ரஹ்னே தோ” என்று, வேண்டாம் என்கிற மாதிரி கையை ஆட்டினார். அண்ணி அவரை இந்தியில் ஒரு பிடி பிடித்தார். ஏறி உட்கார்ந்தோம். நான் கண்ணை இறுக மூடிக்கொண்டேன். உச்சியில் நின்றபோது, “அதோ பாரு, அங்கதான் நம்ம பார்க்கு இருந்துச்சு” என்றார். நான் கண்ணைத் திறக்காமலே, “ஆமா அண்ணி, தெரியுது” என்றேன். “பொய்யி” என்று என் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

கீழே இறங்கினதும் மகன் வம்புக்கு இழுத்தான். “இப்ப சொல்லும்மா, எது நல்ல காலம்?”

அண்ணி சேலையைச் சரிசெய்தபடி, “மொத மூணு வருசம்” என்றார். நாலு அடி நடந்து நின்று, “அப்புறம் இன்னிக்கி சாயங்காலம்” என்றார்.

எங்கள் பூங்கா ராட்டினத்தில் எத்தனை பெட்டி இருந்தது, தண்ணீர்ச் சறுக்கு வந்தது எந்த வருஷம் என்பதெல்லாம் எனக்கு நிச்சயமில்லை. அங்கே வேலை பார்த்தவர்கள் யாராவது இதைப் படித்தால் சரிபார்த்துத் திருத்துங்கள். அண்ணியிடம் மட்டும் கேட்க வேண்டாம். மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்துவிடுவார்.