காலித் தட்டின் விலை

கையில் காயாத களிமண்ணோடு அந்த அக்கா என் ஷெட்டு வாசலில் வந்து நின்ற மதியம் இன்னும் கண்ணுக்குள் இருக்கிறது. விருத்தாசலத்தில் பக்கத்துப் பக்கத்து ஷெட்டில் இருவரும் பீங்கான் தொழில் செய்தோம். நான் ஃப்யூஸ் கட்டை, அவர் அகல் விளக்கு. கார்த்திகை நெருங்கும்போது அவருடைய சூளை பழுதாகிவிட்டது. ஸ்ரீமுஷ்ணத்துக் கடைக்காரர் ஒருவர் அப்போதுதான் முதல்முறையாகப் பெரிய ஆர்டர் கொடுத்திருந்தார். அது தவறினால், அக்காவிடம் வேலை செய்த ஆறு பெண்களை வீட்டுக்கு அனுப்ப வேண்டியதுதான். என் சூளைக்குள் சரக்கு அடுக்கும் தட்டுகளில் அன்று இரண்டு காலி. அதில் விளக்குகளைச் சுட்டுத் தர முடியுமா என்று கேட்டார்.

நான் பொருளாதாரப் பட்டதாரி, சும்மா விடுவேனா? டீசல், கூலி, வாடகை எல்லாவற்றையும் கூட்டி, மொத்தத் தட்டுகளால் வகுத்து, ஒரு தட்டுக்கு இவ்வளவு என்றேன். அந்த விலைக்கு விளக்கு சுட்டால் அவருக்கு நஷ்டம். அக்கா சண்டை போடவில்லை.

"நான் வைக்கலன்னா உங்களுக்கு டீசல் மிச்சமாவுதா தம்பி?"

"கணக்குன்னு ஒண்ணு இருக்குதுல்லக்கா."

ஆர்டரை முடிக்க முடியாது என்று கடைக்காரரிடம் நேரில் சொல்லிவிட்டு வருவதாகக் கூறி பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விட்டார்.

சூளையைப் பற்றவைக்கப் போனபோதுதான் அந்தக் காலித் தட்டுகள் கண்ணில் பட்டன. அவை நிறைந்தாலும் நிறையாவிட்டாலும் எரியப்போகிற டீசல் ஒன்றுதான். கூடுதலாக ஒன்றைச் செய்ய ஆகும் கூடுதல் செலவுக்கு இறுதிநிலைச் செலவு என்று பெயர். பரீட்சையில் அதைப் படம் போட்டு எழுதி முழு மார்க் வாங்கியவன், நிஜச் சூளைக்கு முன்னால் சராசரிச் செலவைக் கட்டிக்கொண்டு நின்றிருக்கிறேன். வெட்கம் பிடுங்கித் தின்றது.

வண்டியை விரட்டிக்கொண்டு போனேன். பஸ் நகரத் தொடங்கியிருந்தது. ஜன்னலோரம் இருந்தவரிடம், "எறங்குங்கக்கா" என்று கத்தினேன். அவர் அசையவில்லை.

"மொதல்ல வெலைய சொல்லுங்க."

"ஏத்தி எறக்குற கூலி. அதுக்கு மேல கொஞ்சம்."

"ஒடைஞ்சா?"

"பாதி என் பாடு."

கண்டக்டர் திட்டத் திட்ட இறங்கினார். திரும்பும் வழியில் வண்டியின் பின்னால் இருந்தவரிடம் சராசரி, இறுதிநிலை எல்லாவற்றையும் சொல்லி என் முட்டாள்தனத்தை ஒப்புக்கொண்டேன். "அப்ப சராசரியாத்தான் படிச்சிருக்கீங்க" என்று சிரித்தார்.

விளக்குகள் சொன்ன நாளில் போய்ச் சேர்ந்தன. எனக்கும் அதில் லாபம்தான், தர்மம் ஒன்றும் செய்யவில்லை. இன்று அதே கடைக்காரருக்கு அக்கா வருஷம் முழுக்கச் சரக்கு அனுப்புகிறார். அந்த ஆறு பெண்களும் அக்காவிடமேதான் வேலையில் இருக்கிறார்கள். அன்று அக்கா அந்த பஸ்ஸிலேயே போயிருந்தால் அவர்களுக்கு வேலை போயிருக்கும், என் கணக்கு மட்டும் சரியாக இருந்திருக்கும்.