அவன் நீட்டியது எது?

கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையை விரிக்கிறாள் டிமகாட்சோ. எதிரே நிற்கும் சுரங்கத் தொழிலாளி சிரிப்பை அடக்கிக்கொண்டு அதில் ஒரு துப்பாக்கியை வைக்கிறான். ஒரு மூச்சு விடும் நேரம்கூட ஆகவில்லை. "பொம்மை. கைப்பிடிக்குள்ள ஈயத்தத் திணிச்சு எடை ஏத்தி வச்சிருக்கே. யார்கிட்ட காட்டுற இந்த வேலைய?" என்று திருப்பிக் கொடுத்துவிட்டு, பாதியில் விட்ட மக்வின்யா என்ற எண்ணெய்ப் பலகாரத்தைப் பிட்டு மாங்காய் அச்சாரில் தோய்க்கிறாள். பந்தயத்தில் தோற்றவன் அவளுக்குக் குளிர்பானம் வாங்கிவர வெளியே போகிறான்.

வெல்கம் என்ற சுரங்க நகரத்தின் அந்தத் துப்பாக்கிக் கடையில் பத்தொன்பது வருடமாக அவள்தான் விற்பனைக்காரி. கண்ணாடி அலமாரியில் இடப்பக்கம் நிஜத் துப்பாக்கிகள். வலப்பக்கம் சத்தமும் புகையும் மட்டும் விடுகிற, லைசென்ஸ் வேண்டாத நகல்கள். அவற்றை அவள் பொம்மை என்றுதான் சொல்வாள். பார்க்க எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும். முதலாளி கோபஸே சாயங்காலம் பூட்டி வைக்கும்போது தடுமாறி, "டிமி, இது எந்தப் பக்கம்?" என்று கேட்பார். அவள் தலையைத் தூக்காமலே கையால் காட்டுவாள்.

வீட்டுக்குக் காவலாக ஒன்று வேண்டும் என்று வருகிறவர்களை அவள் விசாரிக்கிற அழகே தனி. "வீட்டுக்கு எத்தன கதவு? தூக்கத்துல கூப்பிட்டா உடனே எந்திரிப்பீங்களா? குடிக்கிறவங்க யாராச்சும் இருக்காங்களா?" கடைசிக் கேள்விக்கு ஆமாம் என்று பதில் வந்தால் நிஜத்தைக் கண்ணிலேயே காட்ட மாட்டாள். முடிவில் எல்லாரிடமும் ஒன்றைச் சொல்வாள். "பொம்மைன்னா நடிக்கத் தெரியணும். நிஜம்னா சுடத் தெரியணும். உங்களுக்கு எது வரும்?" கேட்டவர்கள் தங்களைத் தாங்களே ஏற இறங்கப் பார்த்துக்கொண்டு ஒரு பக்கம் நகர்வார்கள். அவளுக்கு எது வரும் என்று யாரும் அவளைத் திருப்பிக் கேட்டதில்லை.

மார்ச் மாதம் ஒரு வியாழக்கிழமை. சபைப் பெண்களின் ஜெபக் கூட்டத்துக்குப் போவதற்காக, சிவப்பு மேல்சட்டையையும் வெள்ளைத் தொப்பியையும் இஸ்திரி போட்டுக் காரின் பின்சீட்டில் விரித்து வைத்துவிட்டு, வாசல் கேட்டைத் திறக்க இறங்கினாள். மாலை நான்கு மணி, நல்ல வெயில். முகத்தைத் துணியால் மூடிய ஒருவன் வந்து ஒன்றை நீட்டினான். சாவியைக் கொடுத்தாள். கார் போனது, சபை உடுப்பும் அதோடு போனது. மொத்தமாகப் பார்த்தால் கால் நிமிடம் இருக்கும்.

போலீஸ் கேட்ட முதல் கேள்வியே, "நிஜத் துப்பாக்கியா, போலியா?" என்பதுதான். கடைக்காரி என்பதால் நம்பிக் கேட்டார்கள். டிமகாட்சோ அந்தக் கால் நிமிடத்தை மறுபடி மனதில் ஓட்டிப் பார்த்தாள். அவனுடைய கட்டைவிரல் நகம் நினைவிருந்தது, ஓரமெல்லாம் கடித்துத் துப்பிய நகம். அந்த விரல் பிடித்திருந்த துப்பாக்கி மட்டும் நினைவில் இல்லை. அவளுக்குப் பயத்தைவிட வெட்கம்தான் அதிகம். பந்தயம் கட்டுகிறவர்களிடம் இன்றுவரை இதைச் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு வியாபாரப் பேச்சு நாக்கில் சரளமாக வருவதில்லை. போன வாரம் தனியாக இருக்கும் ஓய்வுபெற்ற டீச்சர் ஒருத்தி வந்து, "நீ என் நெலமையில இருந்தா எத வாங்குவே?" என்றாள். டிமகாட்சோ இடப்பக்கம் ஒரு பெட்டியைத் திறந்தாள், மூடினாள். வலப்பக்கம் ஒன்றை எடுத்தாள், வைத்தாள். "அடுத்த வாரம் வாங்களேன்" என்று அனுப்பிவிட்டாள். வந்த கிராக்கியைத் திருப்பி அனுப்புகிறவள் அல்ல அவள். கோபஸ் ஒன்றும் புரியாமல் தாடியைச் சொறிந்தார்.

வீட்டில் கணவன் மொஹாபியின் தொல்லை வேறு. அவன் சுரங்கத்துக்குள் இறங்கிவிட்டால் அவள் தனி. "கடை பூரா துப்பாக்கி, வீட்டுல ஒரு பூட்டு. கேக்குறவன் சிரிக்கிறான்டி" என்பான். அவன் நச்சரிப்பில் விண்ணப்பித்து லைசென்ஸும் வந்துவிட்டது. அவள் பேருக்கு வந்த பிஸ்டல் கடையின் இரும்புப் பெட்டியில் மூன்று வாரமாகக் கிடக்கிறது. கையெழுத்துப் போட்டு எடுத்துப் போக வேண்டியதுதான்.

"எடுத்துட்டுப் போனா அதுக்காகவே நாலு பேரு சுவரேறி வருவான். பொம்மைய வச்சுக்கிட்டு நீட்டினா, அவன்கிட்ட இருக்கறது நிஜமாயிருந்தா என்னைச் சுட்டுட்டுப் போயிடுவான். அன்னிக்கு அவன் வச்சிருந்தது என்னன்னு மட்டும் தெரிஞ்சா போதும்" என்று கோபஸிடம் காலையில் சொல்வாள். பொம்மைக்குப் பயந்திருந்தால் நிஜம் எதற்கு? நிஜத்துக்குப் பயந்திருந்தால் பொம்மையை வைத்துக்கொண்டு எப்படித் தூங்குவது? மத்தியானம் வேறொரு முடிவுக்கு வருவாள், கடை மூடும்போது இரண்டையும் கைவிடுவாள்.

செவ்வாய்க்கிழமை சார்ஜெண்ட் லெபோனா கடைக்கு வந்து, கண்ணாடி மேசைமேல் ஒரு பிளாஸ்டிக் பையை வைத்தார். உள்ளே ஒரு துப்பாக்கி. வேறொரு திருட்டுக் காரில் பிடிபட்ட ஒரு பையனிடம் இருந்ததாம்.

பையைத் தொடக்கூட இல்லை, குனிந்து பார்த்த உடனே, ஐயா என்று மரியாதை வைத்தே சொன்னாள். "பொம்மை, ந்தாத்தே. குழல் பாதியில அடைச்சிருக்கு. எங்க கடையில வித்ததுதான்." கைப்பிடிக்கு அடியில் பாதி உரிந்த விலைச்சீட்டு. அதிலிருந்த ஏழின் நடுவே ஒரு கோடு, அப்படிப் போடுகிறவள் கடையில் அவள் ஒருத்திதான். யாருக்கு விற்றோம் என்று யோசித்துப் பார்த்தாள். பிடிபடவில்லை.

"அது இருக்கட்டும் அவுசி," என்று அக்கா முறை வைத்து அழைத்தார் லெபோனா. " அன்னிக்கு உங்கமேல நீட்டினது இதுவா? அவன் மொகத்த நீங்க பாக்கல. இதுதான்னு சொன்னீங்கன்னா பையன் உள்ள போவான். இல்லன்னா உங்க கேஸுல இவன் இல்ல."

"இல்லன்னா அந்த இன்னொண்ணு இன்னும் ஊருக்குள்ளதான் சுத்துதா?"

"ஆமா."

"பையன் நகம் கடிக்கிறானா?"

லெபோனா சிரித்துவிட்டார். "லாக்கப்புல உக்காந்தா எவன்தான் கடிக்க மாட்டான்? ஒரே வார்த்த சொல்லுங்க அவுசி, ஆமாவா, இல்லையா?"

அவள் மேசையைச் சுற்றி வெளியே வந்தாள். பிறகு என்ன நினைத்தாளோ, மறுபடி உள்ளே போய் நின்றுகொண்டாள். "நீங்க அந்தக் கதவுகிட்ட போங்க. போய் என்மேல நீட்டுங்க. பார்த்துட்டுச் சொல்றேன்."

"பொம்மைன்னு இப்பத்தானே சொன்னீங்க?"

"நீட்டுங்க, ந்தாத்தே."

கோபஸ் பின்னறையிலிருந்து எட்டிப் பார்த்தார். லெபோனா தயங்கித் தயங்கிக் கதவோரம் போய்த் திரும்பினார். பையோடு சேர்த்துக் கைப்பிடியைப் பிடித்து அவள் நெஞ்சுக்கு நேரே தூக்கினார். அடைத்த குழல் பைக்குள் நன்றாகவே தெரிந்தது. டிமகாட்சோவின் இடக்கை தோளுக்கு மேலே போனது. வலக்கை சட்டைப் பைக்குள் துழாவி வீட்டுச் சாவிக்கொத்தை எடுத்துக் கண்ணாடிமேல் வைத்தது.

"அவுசி," என்று லெபோனா பதறித் துப்பாக்கியைக் கீழே இறக்கினார். "பொம்மை அவுசி. பொம்மைதான் இது."

அவள் சாவிக்கொத்தை இன்னும் கொஞ்சம் அவர் பக்கமாகத் தள்ளினாள்.