இன்னும் கொஞ்சம் பக்கம் இருக்கு

இன்று காலை கேட்டுக்குள் ஒரு பார்சல் வந்து விழுந்தது. போட்ட தம்பி அதைப் படம் எடுத்துக்கொண்டு போயே போய்விட்டான். பெயரைக்கூடக் கூப்பிடவில்லை. உள்ளே ஒன்றும் பிரமாதமில்லை, ஒரு ஜோடி செருப்பு. ஆனால் அந்தச் சாம்பல் நிறப் பிளாஸ்டிக் உறையைக் கிழித்ததும் ஒரு வாடை வந்தது பாருங்கள், செருப்பை அப்படியே போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டேன். அதே வாடையோடுதான் ஒரு காலத்தில் எனக்குப் புத்தகங்கள் வரும்.

அப்போது நான் திகாம் பத்து என்ற சின்ன ஊரில், ஒரு சாப்பாட்டுக் கடைக்கு மேலே ஓர் அறையில் இருந்தேன். செமிலிங் பக்கம் நாங்கள் பிறந்து வளர்ந்த ரப்பர் தோட்டத்தை விற்றுவிட்டார்கள். அண்ணன் அம்மாவைக் கூட்டிக்கொண்டு ஜொகூருக்குப் போய்விட்டார். கையுறை ஆலையில் வேலை இருக்கிறதே என்று நான் மட்டும் தங்கிவிட்டேன், பெரிய வீராங்கனை என்ற நினைப்பு. ஆலையில் இயந்திரச் சத்தத்தில் பேச முடியாது, அறையில் பேச ஆளே கிடையாது. சில ஞாயிற்றுக்கிழமைகளில் கீழே போய் ரொட்டி சானாய் கேட்கும்போதுதான் அன்றைக்கு முதல் தடவையாக வாயைத் திறக்கிறேன் என்பதே தெரியும். குரல் கரகரவென்று வரும்.

தபாலில் புத்தகம் வாடகைக்குத் தரும் ஓர் இணையத்தளம் அந்தச் சமயத்தில்தான் கண்ணில் பட்டது. எல்லாம் தமிழ்க் கதைப் புத்தகங்கள். திருப்பி அனுப்பும் உறையையும் அவர்களே உள்ளே வைத்திருப்பார்கள். கையில் இருப்பது திரும்பிப் போனால்தான் அடுத்தது வரும். கீழே கடைக்காரப் பாய்தான் பார்சலை வாங்கி வைப்பார். ஒனக்கு நீயே அனுப்பிக்கிறியாம்மா என்று கேலி செய்வார். சிரித்துக்கொண்டேதான் படியேறுவேன், ஆனால் சுருக்கென்று இருக்கும்.

ஒரு தடவை வேலை மிகுதியில் புத்தகத்தைத் திருப்பி அனுப்ப உண்மையாகவே தாமதமாகிவிட்டது. அந்தத் தளத்திலிருந்து ஒரு பெண் போன் செய்தாள்.

"அக்கா, புக்கு இன்னும் வரல லா."

"இன்னும் கொஞ்சம் பக்கம் இருக்கும்மா," என்றேன்.

அவள் உடனே வைக்கவில்லை. கதை எப்படி, அந்த மாமியார் கடைசியில் திருந்தினாளா என்றெல்லாம் விசாரித்தாள். போனை வைத்த பிறகு, அறைக்கு யாரோ வந்துவிட்டுப் போன மாதிரி இருந்தது.

அப்புறமென்ன, நான் எதையுமே நேரத்தோடு அனுப்பவில்லை. புத்தகத்தை ஒரே மூச்சில் விழுங்கிவிட்டு, உறைக்குள் போட்டு ஒட்டி, மேசைமேல் வைத்துக்கொண்டு போனுக்காகக் காத்திருப்பேன். கூத்தைப் பாருங்கள்! அவள் கேட்பாள், நான் கொஞ்சம் பக்கம் இருக்கிறது என்பேன். அவள் செர்டாங்குக்காரி, அம்மா எண்ணெய் எடுக்கும் செம்பனைக் காட்டில் வேலை செய்கிறாள் என்பதெல்லாம் அப்படித் தெரிந்துகொண்டதுதான்.

ஒரு நாள், புத்தகங்கள் திரும்பி வராததற்குப் பாஸ் தன்னைத்தான் ஏசுகிறார் என்றாள். எனக்கு மனசு கேட்கவில்லை. அடுத்ததைக் கெடுவுக்கு முன்பே அனுப்பிவிட்டேன். தபால்பெட்டியில் அது விழுந்த சத்தம் கேட்டதும், இனி எதற்குக் கூப்பிடப்போகிறாள் என்று அழுகை வந்துவிட்டது.

அந்த வாரமே போன் அடித்தது.

"அக்கா, புக்கு சீக்கிரமே வந்துருச்சு. ஒங்களுக்கு ஒடம்புக்கு ஒண்ணுமில்லையே?"

ஒன்றுமில்லைம்மா என்றேன். அவளுக்கு எல்லாம் தெரிந்தேதான் இருந்திருக்கிறது.

அதற்குப் பிறகு ஒரே ஒரு புத்தகம்தான் வந்தது. கெடு முடிந்தும் போன் வரவில்லை. தளம் திறக்கவில்லை. எண்ணை அழைத்தால், அது பயன்பாட்டில் இல்லை என்று மலாயில் ஒரு குரல் சொன்னது.

இப்போது சுங்கைப் பட்டாணியில் இருக்கிறேன். பாய் கடை இருந்த இடத்தில் கைப்பேசி விற்கிறார்கள். அந்தப் புத்தகம் மட்டும் திருப்பி அனுப்பும் உறையோடு என் அலமாரியில் இருக்கிறது. கடைசிச் சில பக்கங்களைப் படிக்காமல் வைத்திருக்கிறேன். அவள் கூப்பிட்டுக் கேட்டால், இந்தத் தடவையாவது பொய் சொல்லாமல் இருக்க வேண்டாமா?