வெறும்பூ

பூசணிக்கொடியில் இரண்டு வகைப் பூ உண்டு. ஒன்றின் அடியில் பாக்கு அளவில் ஒரு பிஞ்சு இருக்கும். மற்றதற்கு மெல்லிய காம்பு மட்டும்தான், நடுவில் மாவைப்போல் கொஞ்சம் மஞ்சள் பொடி. முப்பது வயதாகியும் இந்த இரண்டாவது பூ எதற்கென்று தெரியாத மடையன் நான்.

நான் வட்டைக்காரன். வயல்வெளியைத்தான் எங்கள் பக்கம் வட்டை என்போம். நெற்பூவுக்குள் ஆணும் பெண்ணும் ஒன்றாகவே இருக்கின்றன. விதைத்தவன் அதைப்பற்றி யோசிக்க வேண்டியதில்லை. வீட்டைச் சுற்றிய வளவுத் தோட்டம் என் பெண்சாதியின் பாடு.

தேற்றாத்தீவில் அவளுடைய வீட்டில் இருந்தோம். மட்டக்களப்பில் வீடு பெண்ணுக்கு. கட்டியவன் றங்குப்பெட்டியோடு வந்து சேர்பவன். பிரிந்தால் பெட்டியைத் தூக்குபவனும் அவன்தான். யுத்தத்துக்கு முந்திய காலம் அது. கட்டி ஏழு வருடமாகியும் பிள்ளை இல்லை. கல்லடியில் இருந்து என் தாய் வரும்போதெல்லாம், என் பெண்சாதியின் காதில் விழவேண்டும் என்றே என்னிடம் கேட்பாள்: "மலடிட வளவில என்னத்துக்கு மனே காத்துக் கிடக்கிறாய்?" ஒருநாளும் நான் தாயின் வாயை மூடியதில்லை.

அந்த வருடம் வாவிப்பக்க வேலியோடு அவள் பூசணி போட்டாள். கொடி நன்றாக ஓடியது. பிறகு உறவில் ஒரு கல்யாண வீட்டுக்குப் போய் நாலைந்து நாள் நின்றாள். நான் கொடியைப் பார்த்தேன். பிஞ்சில்லாத பூக்கள்தான் அதிகம். கொடியின் சத்தைத் தின்னப் பூத்த வெறும்பூ என்று நினைத்து, மொட்டு முதல் ஒன்று விடாமல் முறித்தேன். அவள் திரும்பி வந்தபோது பிஞ்சுகள் மஞ்சளாகி விழுந்துகிடந்தன.

"இதென்ன மச்சான், எல்லாம் கொட்டிக் கிடக்கு?"

"உன்ட கை நட்டதுதானே. எப்பிடிக் காய்க்கும்?"

அவள் குனிந்து கொடியைப் பார்த்தாள். "ஆம்பிளப்பூ ஒண்டையும் காணல்லையே. ஆரு முறிச்ச?"

"வெறும்பூவைத்தான் முறிச்சன். அதிலயா காய் வருது?"

அவள் சிரித்துவிட்டாள். "வட்டையில நிண்டு மூளையும் காய்ஞ்சிட்டுதா மச்சான்? அதுட மா பட்டாத்தான் இது காய்க்கும்."

சில நாள் கழித்து ஒரு ஆண்பூ விரிந்தது. விடியற்காலையில் அதைப் பறித்து, இதழ்களைப் பிய்த்துவிட்டு, பிஞ்சிருந்த பூவொன்றின் நடுவில் மெல்லத் தேய்த்தாள். வண்டு செய்கிற வேலை. அந்த ஒரு பிஞ்சு விழவில்லை. அது தேங்காய் அளவு வந்ததும் என்னைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினாள்.

"பாத்தீங்களா? அதே கொடிதான். ஒங்கட அம்மா வந்தா இதைக் காட்டுவன்."

"என்னத்துக்கு?"

"காய்க்கல்ல எண்டா கொடியை மட்டும் ஏசப்படா எண்டு சொல்லத்தான்."

அவள் சொன்னது உடனே விளங்கியது. விளங்கியதால்தான் அடித்தேன். விளங்காமல் இருந்திருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன்.

அன்று மத்தியானமே பெட்டியைத் தூக்கினேன். வாசல் படலை வரைக்கும் வந்தாள். அடி விழுந்த கன்னத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

"என்னை மலடி எண்டு சொல்லிப்போட்டுப் போகாதீங்க மச்சான். வாய்க்காறி எண்டு சொல்லுங்க. சமைக்கத் தெரியாதவள் எண்டு சொல்லுங்க. அதை மட்டும் சொல்லாதீங்க."

அதைத்தான் சொன்னேன். வழியில் கேட்டவனுக்கெல்லாம் சொன்னேன்.

கல்லடியில் இன்னொருத்தியைக் கட்டினேன். அங்கேயும் பிள்ளை இல்லை. என் தாய் இவளையும் அதே சொல்லால் கூப்பிடத் தொடங்கினாள். தாய்க்கு விளங்காமல் இல்லை. பெற்ற மகன் என்பதால் விளங்காத மாதிரி இருந்தாள். நானும் அப்படியே இருந்தேன். தேற்றாத்தீவில் இருந்தவளை அதன் பிறகு ஒருவனும் கேட்டு வரவில்லை. மலடியை எவன் கட்டுவான்?

யுத்தம் நடந்துகொண்டிருந்தபோது காய்ச்சலில் அவள் செத்துப்போனாள். செய்தி கேட்டுப் போனேன். முற்றத்தில் ஒப்பாரி ஓய்ந்து பெண்கள் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"நல்ல மனிசிகா. கொள்ளி வைக்கவும் தமக்கைட மகன்தான்."

"என்ன செய்யிற? மலடியாப் பிறந்திட்டாள்."

ஐந்தடி தூரத்தில் நின்றேன். ஒருத்தி என்னைக் கண்டு மற்றவளை இடித்தாள். "முந்திக் கட்டினவர்கா." எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். அவள் பாயில் கிடந்தாள். சொல்வதற்கு அதைவிட நல்ல நேரம் கிடையாது. இரண்டு சொல் போதும்.

நான் இருமினேன். பிறகு பிரேதத்தைத் தூக்கிவிட்டார்கள்.

கல்லடிக்கு வந்தபோது, செத்தவீட்டுக்குப் போனவன் குளிக்காமல் உள்ளே வரக்கூடாதென்று என் இரண்டாம் பெண்சாதி கிணற்றடியில் தண்ணீர் அள்ளிக்கொண்டிருந்தாள். அவளுக்குத்தான் சொன்னேன்.

"அவ மலடி இல்ல. குறை என்னில."

வாளியைக் கிணற்றுக்கட்டில் வைத்தாள். "அங்க சொன்னீங்களா?"

"இல்ல."

"மறுகா இஞ்ச வந்து எனக்கேன் சொல்லுறீங்க? எனக்குத் தெரியாதா?"

துவாயை என் கையில் தந்துவிட்டு உள்ளே போனாள். நானே தண்ணீர் அள்ளிக் குளித்தேன்.