அவுட்டானவர் அடித்த நாற்பது

என் வீட்டுக்காரருக்குக் கண்ணில் விழித்திரை கிழிந்துவிட்டது என்று ஆபரேஷன் செய்தார்கள். கண்ணுக்குள் ஒரு காற்றுக் குமிழியை வைத்து, ஏழு நாள் குப்புறப் படுத்திருக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினார் டாக்டரம்மா. குமிழி மேலே எழும்பி, கிழிந்த இடத்தை ஒட்டிப் பிடிக்குமாம். தலையைத் தூக்கினால் குமிழி நகர்ந்துவிடும். திரை ஒட்டாது. அந்தக் கண் போனது போனதுதான். சாப்பிடவும் பாத்ரூம் போகவும் எழுந்திருக்கலாம், அதுவும் தரையைப் பார்த்தபடி.

ஏழு நாளுக்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து சேர்ந்தது. மத்தியானம் கிரிக்கெட் மேட்ச். சர்ச்சில் பூசைக்கு அடுத்தபடியாக இவருக்கு அதுதான். சில வாரம் பூசைக்கு முன்படியாகவும்.

"பாக்கத்தான கூடாது, கேக்கலாமில்ல? டிவியப் போடு அம்மணி" என்றார் தலையணைக்குள்ளிருந்து.

போட்டேன். கோட்டுப் போட்ட மூன்று பேர் தமிழில் பேசிக்கொண்டிருந்தார்கள். தமிழ் வர்ணனை என்றுதான் கீழே எழுதியிருந்தது.

நான் ஐந்தாவதோடு நின்றவள். எங்கள் பக்கம் பண்ணையம் பண்ணுவார்கள், பலகாரம் பண்ணுவார்கள், கல்யாணம் பண்ணுவார்கள். இவர்கள் பண்ணியதெல்லாம் வேறு. ஒருவர் "மொமெண்டம் பண்றாங்க" என்றார். இன்னொருவர் "இந்த ஓவர்ல பிரஷர் பண்ணணும்" என்றார். பிரஷர் எனக்கு யாரும் பண்ணாமலே இருக்கிறது, இரண்டு வேளை மாத்திரை சாப்பிடுகிறேன். மூன்றாமவர் தமிழ்ப் பற்று உள்ளவர் போலிருக்கிறது. "பவுண்டரித்தார்! சிக்ஸரித்தார்!" என்று முழங்கினார். பந்து எந்தப் பக்கம் போனது, யார் பிடித்தது என்று மட்டும் மூன்று பேரும் வாய் திறக்கவில்லை. டிவி பார்க்கிறவனுக்குத் தெரியும்தானே என்று நினைப்பு. அடுப்படியில் நிற்கிறவள், கண் தெரியாதவன், குப்புறக் கிடக்கிறவன் எல்லாம் அவர்கள் கணக்கில் ஆளே இல்லை.

திடீரென்று மூன்று பேரும் சேர்ந்து கத்தினார்கள்: "சம்பவம் பண்ணிட்டாரு! தரமான சம்பவம்!"

இவர் தலை கட்டிலிலிருந்து ஒரு சாண் எழும்பிவிட்டது. கட்டிய நாளிலிருந்து நான் அவர் தலையில் கை வைத்ததில்லை. அன்றைக்குப் பிடரியில் வைத்து அமுக்கினேன்.

"என்னாச்சு? சிக்ஸா, அவுட்டா?"

"சம்பவமுங்க."

"என்ன சம்பவம்ங்கறேன்!"

"அவுங்களும் அதுக்கு மேல ஒண்ணும் சொல்லலைங்க."

ஐந்து நிமிடத்தில் இரண்டு முறை தலை எழும்பியது. டிவியை அணைத்தால் எழுந்தே உட்கார்ந்துவிடுவார், அந்தப் பிடிவாதம் எனக்குத் தெரியும். ரிமோட்டை எடுத்து மூன்று கோட்டுக்காரர்களின் வாயையும் அடைத்தேன். இனி நான்தான் சொல்லியாக வேண்டும்.

நான் நாலு பேர் முன்னால் பேசுகிறவள் இல்லை. தெருவிலுள்ள சர்ச் குடும்பங்கள் கூடும் அன்பியக் கூட்டத்தில் ஜெபம் சொல்லக் கூப்பிட்டால், டீ வைக்கிற சாக்கில் சமையற்கட்டுக்குப் போய்விடுவேன். ஆனால் இவருக்கு என் முகம் தெரியாது, எனக்கு இவர் முகம் தெரியாது. அது சௌகரியமாக இருந்தது. மைதானத்து மூலைகளுக்கெல்லாம் ஏதேதோ பேர் உண்டாம், எனக்கு ஒன்றும் தெரியாது. எங்கள் வீட்டையே மைதானமாக்கிக்கொண்டேன்.

"சமையக்கட்டுப் பக்கமா அடிச்சாருங்க. ரெண்டு ஓடிட்டாங்க."

"ம்."

"இது பீரோப் பக்கம். ஒருத்தரு உழுந்து தடுத்துப்போட்டாரு. ஓடலைங்க."

"ம். அப்புடிச் சொல்லு."

தலை தலையணையிலேயே இருந்தது.

பிறகு இவருக்கு உயிரான அந்த இடதுகைக்காரர் ஆட வந்தார். வந்த மூன்றாவது பந்தில் குச்சி பறந்தது. எதிர்வீட்டிலிருந்து, பக்கத்து வீட்டிலிருந்து, தெரு முழுக்க ஒரே "ச்சே".

போன வருஷம் இதே ஆள் அவுட்டானபோது, இவர் எழுந்த வேகத்தில் நாற்காலி சாய்ந்து கால் உடைந்தது. நாற்காலிக்கு வேறு கால் போட்டோம். கண்ணுக்கு எங்கே போவது?

"என்னாச்சு?" என்றார்.

"நாலுங்க" என்றேன். "வாசப் பக்கம்."

சொன்ன பிறகு நிறுத்த முடியவில்லை. திரையில் அந்த மனிதர் காலில் கட்டியதையெல்லாம் அவிழ்த்துவிட்டு, துண்டால் முகம் துடைத்துக்கொண்டிருந்தார். இங்கே எங்கள் வீட்டில் அவர் பீரோப் பக்கம் இரண்டும், சமையற்கட்டுப் பக்கம் நாலும் அடித்துக்கொண்டிருந்தார். ஒரு சிக்ஸரை மொட்டைமாடிக்கே அனுப்பினேன்.

யாரோ செருமினார்கள். திரும்பினால், எதிர்வீட்டு அண்ணன். மில்லில் ஃபிட்டராக இருந்து ரிட்டையர் ஆனவர், நோயாளியைப் பார்க்கச் சாத்துக்குடியோடு வந்து வாசற்படியில் நிற்கிறார். எவ்வளவு நேரமாகவோ. டிவியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், குப்புறக் கிடக்கிறவரைப் பார்த்தார். எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. முந்தானையை இழுத்து வாயைப் பொத்திக்கொண்டேன்.

அண்ணன் சாத்துக்குடியை மெதுவாகக் கீழே வைத்தார்.

"அடேங்கப்பா! என்னமா அடிக்கறான் பாருங்க!" என்றார். "அந்த சிக்ஸு எங்கூட்டு ஓட்டையே பேத்திருக்குமுங்க."

"நல்லாத்தான் அடிக்கறான்" என்றது தலையணை.

நாற்பது வந்ததும் நானே அவரை அவுட்டாக்கினேன், நோகாமல், ஒரு கேட்ச். அதற்கு மேல் அடிக்க வைக்க மனசாட்சி இடம் கொடுக்கவில்லை. "போனாப் போச்சாது, நாப்பது அடிச்சானில்ல" என்று இவர் அப்படியே தூங்கிப்போனார்.

பொய் பாவம்தான். ஆனால் பாவசங்கீர்த்தனத்தில் முழங்காலிட்டு, "சாமி, அவுட்டானவரை அவுட்டில்லை என்றேன்" என்று எப்படிச் சொல்வது? அந்தக் கோட்டுக்காரர்கள் ஒன்றுமில்லாததை எல்லாம் சம்பவம் பண்ணிவிட்டு எந்தச் சாமியாரிடம் போய்ச் சொல்கிறார்கள்? நான் சொன்னதில் பந்து எங்கே போனது என்றாவது இருந்தது.

எட்டாம் நாள் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா விளக்கை அடித்து வெகுநேரம் பார்த்தார்.

"அருமையா ஒட்டியிருக்குங்க. இனி தலைய நிமுத்திக்கலாம். இவ்வளவு ஒழுங்கா யாரும் படுக்க மாட்டாங்க. எப்படிங்க இருந்தீங்க?"

"எந்திரிக்க உட்டாத்தானுங்க?" என்றார் இவர். "அவுட்டாகிப் போனவன உள்ள கூட்டியாந்து நாப்பது ரன் அடிக்க வெச்சுப்போட்டா எங்கூட்டுக்காரி."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "உங்களுக்குத் தெரியுமுங்களா?"

"தெருவே ச்சேங்குது, நீ நாலுங்கற. கண்ணுலதான அம்மணி ஆபரேசன், காதுலயா?"

"அப்பறம் ஏனுங்க ஒண்ணுஞ் சொல்லலை?"

"அவன் எப்பவுமே அப்புடி அடிச்சதில்ல. எதுக்குக் கெடுக்கோணும்னு உட்டுட்டேன்."

டாக்டரம்மாவும் நர்ஸும் சிரித்தார்கள். இவர் ஏழு நாளுக்கும் சேர்த்துத் தலையை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தார். தரையைப் பார்த்துக்கொண்டிருந்தது நான்தான், பஸ் ஏறுகிற வரைக்கும்.